வுப்பர்டாலில் ஒரு கருகல் மணம்

சனிக்கிழமை, நவம்பர் 18. காலை 8.05.

குளியலறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இஞ்சேருங்கோ! என்ன செய்யிறியள் உள்ளுக்க?"

இராஜேஸ்வரி மூன்று முறை தட்டிவிட்டாள். அவள் கணவர் குணசேகரம் ஜெர்மனியிலுள்ள வுப்பர்டால் நகரில் பேருந்து ஓட்டுபவர். வயது ஐம்பத்தேழு. பொறுமை குறைந்தவர். தட்டினால் "வாறன், வாறன், வீடு பத்தியே எரியுது?" என்று உள்ளிருந்து சீறாமல் இருக்கமாட்டார். இன்று சீறவில்லை.

"கவிசா! ஓடி வா!"

மகள் வந்தாள். தாதியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. கதவுப் பிடியின் கீழிருந்த பிளவில் ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினாள். பூட்டு விலகியது.

உள்ளே ஆவி மூடிக் கிடந்தது. குழாய் சுடுநீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. குளியல் தொட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவில் குணசேகரம் சரிந்து கிடந்தார். பாதி முகத்தில் சவர நுரை. மீதிப் பாதி சிவந்திருந்தது. அறை முழுவதும், துணி கருகியது போன்ற ஒரு மணம்.

இராஜேஸ்வரிக்கு அந்த மணம்தான் முதலில் முகத்தில் அறைந்தது. அவரைத் தாண்டிப் போய் ஜன்னலை முழுதாகத் திறந்துவிட்டாள். பிறகு தாயும் மகளுமாக அவரை இழுத்து வரவேற்பறையில் கிடத்தினார்கள்.

"மூச்சு இருக்கம்மா. நாடியும் இருக்கு." கவிசா அவசர எண்ணை அழுத்தினாள்.

8.17. மருத்துவ உதவியாளர்கள் மூன்று மாடி ஏறி வந்தார்கள். வாசல் திறக்கக் கீழே போன கவிசா இன்னும் மேலே வந்து சேரவில்லை. ஒருவர் பிராணவாயுக் குழாயைப் பொருத்தினார். மற்றவர் கேள்விகளை அடுக்கினார். மருந்து ஏதும் எடுப்பவரா? இதய நோய் உண்டா? புகைப்பவரா?

"யா, யா," என்று கடைசிக் கேள்விக்கு ஜெர்மனில் ஆமென்றாள் இராஜேஸ்வரி. பிறகு மேசையிலிருந்த சிறிய போத்தலை எடுத்து நீட்டினாள். தெரிந்த ஜெர்மன் சொற்களையெல்லாம் கூட்டி அவள் சொன்ன வாக்கியத்தின் பொருள் இதுதான்:

"இதைத்தான் இழுத்தவர், இதைத் தந்தது என் தம்பி."

*

அந்த ஒரு வாக்கியம் பொலிசை வரவழைத்தது.

இராஜேஸ்வரியின் தம்பி தபோதரன் நான்கு வருடங்களுக்கு முன் லிசா என்ற ஜெர்மன் பெண்ணை மணந்திருந்தான். அதற்கு முன்பே அவனை மாப்பிள்ளையாகத் தருவதாக வேறொரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்திருந்த குணசேகரம் கலியாணத்துக்குப் போகவில்லை. மனைவியையும் போக விடவில்லை. நான்கு வருடமாகப் பேச்சில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு செத்தவீட்டில் சந்தித்தபோதுதான் முகம் பார்த்துப் பேசினார்கள். அத்தான் சிகரெட்டை விட்டுவிட்டு மின்சிகரெட்டுக்கு மாறியிருக்கிறார் என்று தபோதரன் அப்போது அறிந்தான். அவனும் அதையே இழுப்பவன். அதில் ஊற்றும் லிக்விட்டை வீட்டிலேயே கலப்பவன். மாம்பழ வாசனையில் ஒரு போத்தல் கலந்து, சமாதானக் கொடியாகக் கொடுத்தனுப்பினான்.

புதன்கிழமை குணசேகரம் அந்தப் போத்தலைத் திறந்தார். அன்றைக்கே கருகல் மணம் தொடங்கியது. சனிக்கிழமை விழுந்தார்.

ஞாயிறு மாலை ஆஸ்பத்திரியில் கண் திறந்தார். உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள். ஆனால் அந்தப் போத்தல் ஆய்வுகூடத்துக்குப் போயிற்று. தபோதரனைப் பொலிஸ் இரண்டு மணி நேரம் விசாரித்தது.

*

திங்கள், பகல் 12.20.

வுப்பர்டாலின் எல்லையில் ஒரு பெரிய களஞ்சியம். இணையத்தில் வாங்கிய பொருட்களை மக்கள் திருப்பி அனுப்பினால் அவை இங்கேதான் வந்து சேரும். அங்கே பதினொரு வருடமாக மின்சிகரெட்டுகளைப் பரிசோதிப்பவள் சுகன்யாதேவி. வயது நாற்பத்தொன்பது. "வாங்கிய நாளே பழுது" என்று எழுதி அனுப்பியவர் அதைத் தண்ணீரில் போட்டாரா, நாய்க்குக் கடிக்கக் கொடுத்தாரா என்று கருவியைப் பிரித்துப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. மனிதர்கள் படிவத்தில் எழுதுவதை அவள் கடைசியாகத்தான் வாசிப்பாள்.

அதே களஞ்சியத்தில் வண்டி ஓட்டும் தபோதரன் உணவறையில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

"அக்கா, நான் நஞ்சு வைச்சனாம்."

"ஆர் சொன்னது?"

"என்ர அக்காவே சொல்லியிருக்கிறா."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சுகன்யாதேவி குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு சுருக்கமாகக் கேள்விகள்.

"அந்தப் போத்தலில என்ன கலந்தனி?"

"எனக்குக் கலந்ததுதான். ஒரே சட்டியில கலந்து ரெண்டு போத்தலில ஊத்தினனான். மற்றப் போத்தலை நான் முடிச்சிட்டன்."

"தடிப்பா, தண்ணியா?"

"தடிப்பு. எனக்கு நிறையப் புகை வரவேணும்."

"அவற்ற சிகரெட் மெசின் எங்க?"

"சனிக்கிழமை பொலிஸ் தேடிக் கிடைக்கேல்லை. இண்டைக்குக் காலமை கவிசா வீடு கூட்டேக்க வோஷிங் மெசினுக்குக் கீழ கிடந்ததாம். பொலிசுக்கு அறிவிச்சிட்டாள். நாலு மணிக்கு ஒரு அதிகாரி வாறார்." அவன் குரல் தாழ்ந்தது. "அக்கா, நீங்கள் ஒருக்காப் போய்ப் பாப்பியளோ? எனக்கு அந்த வீட்டுப் படி ஏறேலாது."

"பாக்கலாம். ஆனா தபோ, மெசின் என்ன சொல்லுதோ அதைத்தான் நான் சொல்லுவன். உனக்கு எதிராச் சொன்னாலும் சொல்லுவன்."

"சொல்லுங்கோ," என்றான் அவன். "எனக்கு அதுதான் வேணும்."

*

பிற்பகல் 3.50.

மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தது கவிசா. கண்கள் வீங்கியிருந்தன. நெற்றியோரத்தை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். பின்னால் இராஜேஸ்வரி நின்றாள்.

"தம்பி அனுப்பினவனோ?"

"ஓம் அக்கா, அவர்தான் கேட்டவர். ஆனா நான் ஆற்ற பக்கமும் பேச வரேல்லை. மெசினைப் பாக்க வந்தனான்."

இராஜேஸ்வரி விலகி வழி விட்டாள்.

கருவி சமையலறை மேசையில் ஒரு வெள்ளைத் துவாயின் மேல் இருந்தது. சுகன்யாதேவி தொடவில்லை. "அதிகாரி வரட்டும்," என்றாள். "அதுக்கு முதல் அவர் விழுந்த இடத்தைக் காட்டுங்கோ."

"சனிக்கிழமை விடிய நான் முழுகி வரத்தான் அவர் உள்ள போனவர்," என்று இராஜேஸ்வரி கதவைத் திறந்தாள். ஜன்னலுள்ள சிறிய குளியலறை. தொட்டி, கைகழுவும் தொட்டி, சலவை இயந்திரம். சுவரில் சுடுநீர் தரும் வெள்ளை நிறக் காஸ் பெட்டி. நடுப்பகலில் யாரோ முழுகியிருக்க வேண்டும். சுவர் ஓடுகளில் இன்னும் நீர் வடிந்துகொண்டிருந்தது. கதவின் அடிப்பக்கத்தில் பொதி கட்டும் மண்ணிற டேப் மூன்று வரிசையாக ஒட்டியிருந்தது.

"இது என்ன அக்கா?"

"அதில ஓட்டை ஓட்டையா இருந்தது. அவற்ற கருகல் மணம் அதாலதான் சாமித் தட்டு வரைக்கும் வந்தது. நான்தான் மறைச்சன்."

"எப்ப?"

"புதன் பின்னேரம்."

அப்படியானால் கருகல் புதன்கிழமையே தொடங்கிவிட்டது. சுகன்யாதேவி அதை மனதில் குறித்துக்கொண்டாள். ஜன்னலின் கறுப்பு ரப்பர் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"புதுசு போல?"

"போன மாதம் வீட்டுச் சொந்தக்காரர் போட்டவர். முந்தி ஒரே குளிர்காத்து. இப்ப ஒரு துளி வராது."

சுகன்யாதேவி கை கழுவச் சுடுநீர்க் குழாயைத் திறந்தாள். சுவர்ப் பெட்டி "புஸ்" என்று பற்றிக்கொண்டது.

*

4.05.

குற்றப்பிரிவு அதிகாரி எமில் உயரமானவர், ஐம்பதை நெருங்குபவர், படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. சுகன்யாதேவியின் வேலை என்ன என்று கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்கு இந்தக் கருவியைப் பற்றி ஒன்றுமே தெரியாது," என்றார் ஜெர்மன் மொழியில். "நான் கையுறை போட்டுக்கொள்கிறேன். நீங்கள் சொல்லச் சொல்ல நான் பிரிக்கிறேன். சரியா?"

"சரி. முதலில் கண்ணாடித் தாங்கியைப் பாருங்கள். திரவம் எவ்வளவு இருக்கிறது?"

"முக்கால் பங்கு."

"அப்படியானால் வறண்ட தாங்கியில் இழுத்ததால் வந்த கருகல் இல்லை. பொத்தானை அழுத்தித் திரையை எழுப்புங்கள். வாட் எவ்வளவு?"

"நாற்பது."

"கீழே ஒரு சிறிய எண் இருக்கும். எத்தனை முறை இழுத்தார் என்ற கணக்கு."

"முப்பத்தொன்று."

சுகன்யாதேவி கவிசாவைப் பார்த்தாள். "அப்பா இந்தக் கணக்கை எப்ப அழிக்கிறவர்?"

"புதுக் கொயில் போடேக்க, அன்ரி. எவ்வளவு நாள் உழைக்குதெண்டு பாக்க."

"கடைசியா எப்ப போட்டவர்?"

கவிசா யோசித்தாள். "புதன்கிழமை. மாமாவின்ர போத்தல் திறந்த அண்டைக்குத்தான். ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில வாங்கினவர்."

"வழக்கமா ஒரு நாளைக்கு எவ்வளவு இழுப்பார்?"

"இருநூறாவது இருக்கும். வாயை விட்டு எடுக்கமாட்டார்."

நாளுக்கு இருநூறு இழுப்பவர் நான்கு நாளில் முப்பத்தொரு முறைதான் இழுத்திருக்கிறார்.

"கருகலாக் கிடக்கெண்டு திட்டித் திட்டித்தான் இழுத்தவர்," என்றாள் இராஜேஸ்வரி. "தொண்டை எரியுதெண்டார். அவன்ர லிக்விட்தானே அண்டைக்கு மாறினது!"

"அண்டைக்கு மாறினது ரெண்டு அக்கா. லிக்விட் ஒண்டு, கொயில் மற்றது. நீங்கள் எல்லாரும் ஒண்டை மட்டும் பாத்தியள்."

எமில் தாங்கியைக் கழற்றினார். உள்ளேயிருந்து விரல்நுனி அளவான ஓர் உலோகக் குழல் வந்தது. அதற்குள்தான் பஞ்சு சுற்றிய கம்பிச் சுருள் இருக்கிறது. கம்பி சூடாகும், பஞ்சிலிருக்கும் திரவம் ஆவியாகும். கொயில் என்று கடையில் கேட்டு வாங்குவது இதைத்தான். பஞ்சின் நடு கரியாகியிருந்தது.

"பக்கவாட்டில் எழுத்து இருக்கும். வாசியுங்கள்."

எமில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழலைக் கண்ணருகே கொண்டுபோனார். "பூச்சியம் தசம் எட்டு ஓம். பன்னிரண்டு முதல் பதினாறு வாட்."

"கவிசா, பழசு கிடக்கோ?"

குப்பைக்குப் போகாமல் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதில் பூச்சியம் தசம் இரண்டு ஓம், முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து வாட் என்றிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். அதே உயரம், அதே நிறம், அதே புரி.

"ஓம் எண்டால்?" என்று கேட்டாள் இராஜேஸ்வரி.

"கரண்டைத் தடுக்கிற அளவு. நாங்கள் ஆமெண்டு சொல்லுற ஓம் இல்லை அக்கா." சுகன்யாதேவி முதன்முறையாகச் சிரித்தாள். "அத்தானின்ர மெசின் பழசு. புதுசுகள் கொயிலைப் பாத்துத் தானே வாட்டைக் குறைக்கும். இது நாங்கள் வைச்சபடியே நிக்கும். பதினாறு தாங்குற கொயிலுக்கு நாப்பது குடுத்தால்? போதாக்குறைக்கு இந்தக் கொயிலில லிக்விட் உள்ள போற ஓட்டை சின்னன். தபோ கலந்தது தடிப்பு. பஞ்சு நனைய முதலே கம்பி கொதிக்கும். தாங்கி நிறைய இருந்தாலும் பஞ்சு காய்ஞ்சு கருகும். லிக்விட்டில ஒரு கோதாரியும் இல்லாட்டிலும் கருகும்."

எமிலுக்கு ஜெர்மனில் திருப்பிச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

"ஆக, கருகிய புகையால்தான் மயங்கினார்?"

"இல்லை."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"பதினொரு வருடத்தில் நானே முந்நூறு முறை கருகலை இழுத்திருக்கிறேன். தொண்டை பொரியும். இருமும். கண்ணில் நீர் வரும். கருவியைத் தூக்கி எறியத் தோன்றும். நான் ஒருமுறையும் மயங்கி விழவில்லை. இவர் நான்கு நாளில் இழுத்ததோ முப்பத்தொன்று. நாங்கள் இரண்டு கேள்வியை ஒன்றாக்கிவிட்டோம். ஏன் கருகியது என்பது ஒன்று. அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஏன் விழுந்தார் என்பது வேறு."

கவிசா எழுந்தாள். இன்னமும் நெற்றியோரத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். "அம்மா, எனக்கு எட்டரைக்கு வேலை. முழுகிப்போட்டு, அப்பாவையும் பாத்திட்டுப் போறன்."

"போ பிள்ளை."

*

4.50.

எமில் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். சுகன்யாதேவி இரண்டு கொயில்களையும் மாறி மாறிப் பார்த்தாள். படிவத்தில் எழுதாத எதையோ தேடும்போது அவள் முகம் இப்படித்தான் இறுகும்.

"அக்கா, கவிசாவுக்குத் தலையிடியோ?"

"எனக்கும்தான். அழுது அழுது. நித்திரையும் இல்லை."

"எப்பேயிலயிருந்து?"

"ரெண்டு பேருக்கும் வியாழக்கிழமையிலயிருந்து. எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரியும் இருந்தது."

"அத்தான் விழுந்தது சனிக்கிழமை."

"ஓம்."

"அப்ப வியாழக்கிழமை நீங்கள் ஏன் அழுதனீங்கள்?"

இராஜேஸ்வரி விரல் விட்டு நாளை எண்ணினாள். வியாழக்கிழமை அவள் அழவில்லை.

சுகன்யாதேவி எமிலிடம் திரும்பினாள். "இரத்தப் பரிசோதனையில் என்ன இருந்தது?"

"வழக்கமான நஞ்சு எதுவும் இல்லை." எமில் ஒரு தாளை எடுத்தார். "நிக்கோட்டின் இருக்கிறது. கார்பன் மொனாக்சைடு ஒன்பது சதவீதம். பக்கத்தில், 'புகைப்பவர்' என்று எழுதி விட்டுவிட்டார்கள். சிகரெட்காரர்களுக்கு அப்படி இருக்குமாம்."

"பிராணவாயு கொடுத்த பிறகு எடுத்த இரத்தமா?"

"ஒரு மணி நேரத்துக்குப் பிறகு."

"அப்படியென்றால் அதற்கு முன் இன்னும் கூட இருந்திருக்கும். புகைப்பவர் என்று சொன்னது யார்?" அதையே தமிழிலும் கேட்டாள்.

"நான்தான்," என்றாள் இராஜேஸ்வரி. "கேட்டவை. யா எண்டன். அவர் இழுக்கிறவர்தானே?"

"சிகரெட் எப்ப விட்டவர்?"

"சித்திரையில. ஏழு மாதம். ஒண்டும் தொட்டதில்லை."

"அக்கா, சிகரெட்டில நெருப்பு இருக்கு. அதால அந்த நச்சு வாயு வரும். மெசினில நெருப்பில்லை. முப்பத்தொரு இழுவைக்கு இரத்தத்தில இவ்வளவு ஏறாது. அப்ப எந்த நெருப்பு…"

அவள் நிறுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதனடியில் விடாமல் ஒரு மெல்லிய இரைச்சல். வெள்ளைப் பெட்டி எரிகிறது. ஜன்னலில் துளி காற்று வராது. கதவில் டேப்.

"கவிசா உள்ள போய் எவ்வளவு நேரம்?"

"இருவது நிமிஷம்…"

நாற்காலி பின்னால் விழுந்தது. சுகன்யாதேவி கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "கவிசா! கதவைத் திற! பிள்ளை!"

பதிலாக ஏதோ பிளாஸ்டிக் பொருள் தரையில் விழும் சத்தம் மட்டும் வந்தது.

"நாணயம்!" என்று கத்தினாள். எமில் சட்டைப்பையைத் துழாவி, பிளவில் செருகித் திருப்பினார். கவிசா பெரிய துவாயைச் சுற்றியபடி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலை சுவரில் சாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. "காலுக்கு என்னவோ செய்யுது அன்ரி," என்றாள் குழறலாக.

எமில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஜன்னலைத் திறந்தார். குழாயை மூடினார். சுகன்யாதேவி கவிசாவைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தாள். "எல்லாரும் வெளியால! இந்த வீட்டில ஒருத்தரும் நிக்கக் கூடாது!"

சுகன்யாதேவியை இறக்கிவிட்டுத் தெருவில் வண்டிக்குள் காத்திருந்த தபோதரன், மூன்றாம் மாடி ஜன்னல் படாரென்று திறந்ததைப் பார்த்தான். அடுத்த நிமிடம் படிகளில் ஏறி வந்தான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மருமகளைக் கையில் வாங்கி, குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு இறங்கினான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

*

5.25.

தீயணைப்பு வீரர் கையளவுக் கருவியோடு மேலே போனார். ஜன்னல் திறந்து அரை மணி நேரம் ஆகியும், காஸ் பெட்டியருகே அது அலறிய சத்தம் படிக்கட்டு வரை கேட்டது. அவர் காஸைப் பூட்டி, கதவில் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டு வந்தார். பெட்டியின் புகைபோக்கி வழியையும் பரிசோதிக்கும்வரை திறக்கக்கூடாது என்றார்.

கவிசா அம்புலன்ஸில் பிராணவாயு முகமூடியோடு உட்கார்ந்திருந்தாள். இப்போது எல்லோரையும் அடையாளம் கண்டாள். "இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால்…" என்று தொடங்கிய மருத்துவர், தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இப்போது ஆபத்தில்லை. இன்றிரவு மட்டும் வைத்துப் பார்ப்போம்," என்றார்.

வீட்டு வாசலில் எமில் குறிப்பேட்டைத் திறந்தார். "இப்போது சொல்லுங்கள். குற்றவாளி யார்?"

"நஞ்சு வைத்தது அந்த வெள்ளைப் பெட்டி," என்றாள் சுகன்யாதேவி. "எரிவதற்குக் காற்றை அது அறையிலிருந்துதான் எடுக்கும். முன்பு பழைய ஜன்னல் இடுக்கால் காற்று வந்தது. போன மாதம் புது ஜன்னல் வந்து அது நின்றது. ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் கதவின் அடியில் துளைகள் இருந்தன. அவை அழகுக்கு வைத்தவை அல்ல, அந்தப் பெட்டி மூச்சு விட வைத்தவை. புதன்கிழமை மாலை அவையும் அடைபட்டன. வியாழக்கிழமை இருவருக்குத் தலையிடி. சனிக்கிழமை விடிய முதலில் அக்கா குளித்தார். பிறகு அத்தான் கதவைப் பூட்டிக்கொண்டு, சுடுநீரைத் திறந்துவிட்டு ஆறுதலாகச் சவரம் செய்தார். இரண்டு பேரின் சுடுநீருக்கும் சேர்ந்த நச்சுக் காற்றையும் அவர் ஒருவரே சுவாசித்தார்."

"அம்புலன்ஸ்காரர்களின் பையில் எச்சரிக்கைக் கருவி இருக்குமே. சனிக்கிழமை அது ஏன் கத்தவில்லை?"

"அவர்கள் வந்தபோது ஜன்னல் பத்து நிமிடமாகத் திறந்திருந்தது. கருகல் மணத்துக்காக அக்கா திறந்தது. அந்த வாயுவுக்கு மணமே இல்லை. மணக்கிற பொய்க் குற்றவாளி ஒன்று அருகிலேயே இருந்ததால் மணக்காததை யாரும் தேடவில்லை. பிறகு 'புகைப்பவரா' என்ற கேள்வி. அக்காவுக்கு இழுப்பதெல்லாம் புகைதான். 'யா' என்றார். இரத்தத்தில் தெரிந்த ஒரே சாட்சியும் அந்த ஒரு சொல்லால் அடிபட்டுப் போயிற்று."

எமில் பேனாவை மூடினார். "தபோதரனின் போத்தல்?"

"மாம்பழம் கொஞ்சம் கூடப் போட்டிருக்கிறான். வேறு குற்றம் இல்லை."

இராஜேஸ்வரி படியில் உட்கார்ந்திருந்தாள். ஜெர்மனில் பேசியது பாதிதான் விளங்கியிருக்கும். ஆனால் தேவையானது விளங்கிவிட்டது.

"சுகன்யா, நான்தானே ஒட்டினன்? என்ர மனுசனையும் பிள்ளையையும் நான்தானே…"

சுகன்யாதேவி அவளருகே உட்கார்ந்தாள்.

"ஓம், ஒட்டினது நீங்கள்தான். பொய் சொல்லமாட்டன். அந்த ஓட்டை எதுக்கெண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனா சனிக்கிழமை ஓடிப்போய் முதல் வேலையா ஜன்னலைத் திறந்ததும் நீங்கள்தான். அவரை இழுக்க முதல் அதைச் செய்தபடியால்தான் அவரும் தப்பினார், நீங்கள் ரெண்டு பேரும் தப்பினீங்கள். மூண்டு பேரும் உயிரோட இருக்கிறியள் அக்கா. ஒருத்தரும் ஒருத்தருக்கும் நஞ்சு வைக்கேல்லை."

இராஜேஸ்வரி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சனிக்கிழமையிலிருந்து அழுத அழுகை வேறு, இது வேறு. தோள்கள் தளர்ந்து, மூச்சு நீளமாக வெளியே வந்தது. அம்புலன்ஸ் கதவருகே நின்ற தம்பியைத் தலை நிமிர்த்திப் பார்த்தாள்.

"தம்பி."

அவன் வந்தான். அவள் அவன் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை. அதைத் தன் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"விடுங்கோ அக்கா," என்றான் அவன். "எனக்கு வந்த பயத்துக்கு நான் உங்களைக் கோவிக்கவும் மறந்துபோனன்."

*

மாலை 7.30.

காஸ் இல்லாத வீட்டில் சூடும் இல்லை, சுடுநீரும் இல்லை. தபோதரன் அக்காவை நேரே தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். நான்கு வருடத்தில் அவள் மிதித்திராத வீடு. லிசா கதவைத் திறந்தாள். என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. லிசா குனிந்து இராஜேஸ்வரியின் காலுக்கு அளவாக ஒரு சோடி கம்பளிச் செருப்பை வைத்தாள். இராஜேஸ்வரி அதைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். சூடான சூப்பைக் குடித்தாள். இரண்டாவது கிண்ணமும் வாங்கினாள்.

தொலைபேசி அடித்தது. கவிசாவின் எண். பேசியது குணசேகரம். மகள் அவர் கட்டிலருகே இருந்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"பிள்ளை சுகமா இருக்கிறாள்," என்றார். குரல் கரகரத்தது. "இப்ப எடுத்த இரத்தம் நல்லாக் கிடக்காம். எனக்கும் நாளைக்கு வீட்ட போகத் துண்டு வெட்டுகினமாம். நீ எங்க நிக்கிறாய்?"

"தம்பி வீட்ட."

தபோதரன் மேசையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு நின்றான்.

"அப்ப நாளைக்கு நானும் அங்கதான் வரவேணுமோ?"

"ஓம். எங்கட வீட்டில காஸ் பூட்டிக் கிடக்கு."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஒரு கிழமை ஆகுமாம்."

குணசேகரம் இருமினார். பிறகு சொன்னார்: "அப்ப கலியாணத்துக்குக் குடுக்காமல் விட்டது ஏதாவது வாங்கிக்கொண்டுதான் வரவேணும். லிசாப் பிள்ளைக்கு என்ன விருப்பமெண்டு அவனைக் கேள்."

இராஜேஸ்வரி தொலைபேசியைத் தம்பியிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு," என்றாள்.